சிங்கத்துக்கு எந்தக் கையில் வாள்

இலங்கை நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே, பிரஜாவுரிமைச் சட்டத்தால், தேயிலைத் தோட்டத் தமிழர்களான எங்களுக்கு நாடு இல்லாமல் போனது. என்றாலும் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினப் பாடம் நடத்தும் பொறுப்பு வாத்தியாரான என்னிடம்தான் இருந்தது. நானும் குறை வைக்கவில்லை. கொடியில் சிங்கம் எந்தக் கையில் வாள் பிடித்திருக்கிறது, ஓரத்துப் பட்டைகள் என்ன நிறம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் பிள்ளைகள் சொல்வார்கள்.

பிரஜாவுரிமைக்கு நான் போட்ட விண்ணப்பத்துக்குச் சில வருஷம் கழித்து விசாரணைக் கடிதம் வந்தது. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளிடமும் கேள்வி கேட்கிறார்களாம் என்று யாரோ சொன்னதை நம்பி, ஏழு வயது மகளைப் பிடித்துவைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். மனைவி அவளுக்குத் தலை பின்னிக்கொண்டே சிரித்தாள்.

"சிங்கத்துப் பல்லையும் எண்ணிச் சொல்லிக் குடுத்துருங்க. கேட்டாலும் கேப்பாங்க."

"உனக்கு விளையாட்டா இருக்கு. ஒரு வார்த்தை மாறிப் போச்சுன்னா அவ்வளவுதான்."

"அவ ஒண்ணும் மாத்த மாட்டா. பேரக் கேட்டாலே நாக்கு ஒட்டிக்கிறது உங்களுக்குத்தான்."

மனைவிக்கு நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளிடம் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

விசாரித்த அதிகாரி சிங்களவர், மரியாதையான மனிதர். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். என் தாள்களையெல்லாம் புரட்டி முடித்துவிட்டு அதிகாரி மகளைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"சுதந்திர தினம் எப்பன்னு ஐயா கேக்குறாரு, பாப்பா" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"ரெண்டு இருக்குங்க" என்றாள் மகள். "பெப்ரவரியில பள்ளிக்கூடத்துல ஒண்ணு. ஆகஸ்டுல லயத்துல ஒண்ணு."

ஆகஸ்டில், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் இந்தியக் கொடி ஏற்றுவதை நான் மறந்தே போயிருந்தேன். மறந்தேன் என்பதும் பொய். வருஷா வருஷம் அங்கே பேசுகிறவனே நான்தான்.

"எது பெரிசுன்னு கேக்குறாரு."

"லயத்துலதாங்க. அங்கதான் லட்டு குடுப்பாங்க."

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். பேனாவைத் தொடவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சிரிப்பு மாறாமலே மனைவி பக்கம் திரும்பி, இந்தக் கெட்டிக்காரி எங்கே பிறந்தாள் என்று கேட்டார்.

"எங்கம்மா வீட்டுலங்க, முசிறிப் பக்கம்" என்றாள் மனைவி பெருமையாக. "தலைப்பிரசவம் இல்லீங்களா? ஆறாம் மாசமே கப்பலேறிப் போயி, புள்ளைக்கு ஒரு வயசு முடிஞ்சுதான் வந்தேன்."

அதை அவர் எழுதினார். நிதானமாக, ஒரு பக்கம் முழுக்க எழுதினார்.

நிராகரிப்புக் கடிதத்தில் காரணம் தெளிவாக இருந்தது. மனைவி இலங்கையில் தொடர்ந்து வசிக்கவில்லை. பிள்ளை பெறத் தாய்வீடு போனதை நாட்டைவிட்டுப் போனதாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். சட்டப்படி சரியாகத்தான் இருக்கும். இப்போதும் அரசாங்க உறையில் ஏதாவது வந்தால், பிரிப்பதற்கு முன் என் கண் மனைவியைத்தான் தேடுகிறது.

"நான் ரெண்டுன்னு சொன்னதாலயாப்பா?" என்று மகள் கேட்டாள்.

"இல்லம்மா."

அவள் நம்பவில்லை. தாய்வீடு போனதுதான் குற்றம் என்று அவளுக்கு எப்படி விளக்குவது? என்னாலேயே நம்ப முடியவில்லை.

அடுத்த பெப்ரவரியில் அவள் முன்வரிசையில் நின்று எல்லாரையும்விட உரக்கத் தேசிய கீதம் பாடினாள். பாடும்போது கண் கொடியில் இல்லை. பள்ளிக்கூட வாசலிலேயே இருந்தது. முடிந்ததும் யாரைப் பார்த்தாய் என்று கேட்டேன்.

"அந்த ஐயா வந்தா, ஒண்ணுதான்னு சொல்லிருவேன்பா" என்றாள்.