அண்ணியின் இடது கால்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் அண்ணி காலோடு இருந்தார். அடுத்த ஆண்டு தீபாவளிக்கு அந்தக் கால் இல்லை. இடையில் நடந்ததற்கு நானும் ஒரு காரணம்.

எண்பதுகளின் நடுவில் பிரிக்பீல்ட்ஸில் நான்காவது மாடியில் குடியிருந்தோம். லிஃப்ட் கிடையாது. அம்மா, அண்ணன், அண்ணி, நான். நான் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வீட்டு வேலை முழுக்க அண்ணிதான். பாசாருக்குப் போய்ப் பையைச் சுமந்து மாடியேறுவதும் அவர்தான். கல்யாணமான சில வருஷங்களிலேயே அவருக்கு இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய் வந்திருந்தது. "எங்க வம்சத்துல இந்த நோய் கிடையாது" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஒரு நாள் அண்ணியின் இடது பாதம் வீங்கிச் சிவந்திருந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"வலி ஒண்ணும் இல்ல பாப்பா. சூடா இருக்கு, அவ்வளவுதான்."

"வலிக்கலன்னா எதுக்கு நொண்டறீங்க? வேலை செய்யாம இருக்கவா?"

அம்மா சிரித்தார். அண்ணி எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார்.

கிளினிக்கில் கிருமி என்று மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் இறங்கவில்லை. மூன்று வாரம் கழித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். அங்கே ஒரு சீன டாக்டர், புறங்கையால் இரண்டு பாதங்களையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். அண்ணியைக் கண்ணை மூடச் சொல்லி உள்ளங்காலில் ஊசியால் குத்தினார். அண்ணி அசையவே இல்லை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "இந்தக் காலோடு எப்படி நடந்தார்?" பாதத்தின் நடுவில் எலும்புகள் உடைந்து நகர்ந்திருந்தன. சர்க்கரையால் நரம்பு செத்துவிட்டது, அதனால் எலும்பு உடைவதுகூட இவருக்குத் தெரியாது, மிதிக்க மிதிக்க இன்னும் நொறுங்கும் என்று விளக்கினார். முழங்கால்வரை மாவுக்கட்டுப் போட்டார். குறைந்தது மூன்று மாதம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. பாதத்தின் சூடு தணிந்த பிறகுதான் கட்டைப் பிரிப்பார்கள்.

நான் எல்லாவற்றையும் வீட்டில் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர்களுக்குத் தெரியாது என்று சொல்வதற்கில்லை.

ஆறாவது வாரம் கிள்ளானிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளை பள்ளி ஆசிரியர். எனக்கு இருபத்தொன்பது வயது. முன்பு வந்த இரண்டு இடங்கள் தட்டிப் போயிருந்தன.

"நான் ரூமுக்குள்ளயே இருந்துக்கறேன் அத்தை" என்றார் அண்ணி.

"மருமக எங்கேன்னு கேப்பாங்க. கோவிச்சுக்கிட்டு ஓடிட்டான்னு சொல்லவா? இல்ல, சீக்காளி வீடுன்னு சொல்லவா?"

அவர்கள் வருவதற்கு முந்தின இரவு அண்ணன் வாளியில் வெந்நீர் கொண்டு வந்தார். கட்டு ஊறியதும் தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டத் தொடங்கினார். அண்ணி என்னைப் பார்த்தார். அண்ணன் என் பேச்சைக் கேட்பார், அது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் என் புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையிலிருந்து அண்ணி நின்றபடியே வடை சுட்டு, கேசரி கிண்டினார். வந்தவர்களுக்குப் பரிமாறினார். அவர் என் பக்கமாக நடந்தபோது பாதத்துக்குள்ளிருந்து நறநறவென்று சத்தம் கேட்டது, மணல் மூட்டையை மிதிப்பது போல. மாப்பிள்ளையின் அம்மா, "மருமக நல்ல சுறுசுறுப்பு லா" என்றார். வழியனுப்ப நான்கு மாடியும் இறங்கிப் போகச் சொன்னார் அம்மா. அண்ணி இறங்கினார், ஏறினார்.

என் கல்யாணம் நிச்சயமானது.

நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கத்தினார். "கட்டை யார் பிரித்தது?"

"அவளேதான் பிரிச்சிட்டா டாக்டர்" என்றார் அண்ணன். அதை நான்தான் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். டாக்டர் அண்ணியைத் திட்டினார், முட்டாள் என்றார்.

மறுபடி கட்டுப் போட்டும் பாதம் பழைய வடிவத்துக்கு வரவில்லை. வளைவு இடிந்து உள்ளங்கால் படகின் அடிப்பாகம் போலப் புடைத்தது. அந்தப் புடைப்பில் புண் வந்தது. புண்ணின் சீழ் எலும்புக்குப் போனது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அப்போது நான் கிள்ளானில் ஆறு மாதக் கர்ப்பிணி. பயணம் கூடாது என்று காரணம் சொல்லிப் பார்க்கப் போகவில்லை. அந்த வாரம்தான் கணவரோடு ரவாங்குக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தேன்.

காயம் ஆறியதும் அண்ணன் அவரை ஜெஞ்சாரோமில் இருந்த அண்ணியின் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டார். மாடியேற முடியாதவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டார். திரும்பக் கூப்பிடவே இல்லை.

என் மகனுக்கு நான்கு வயதானபோது ஒருமுறை தனியாகப் போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டேன். அண்ணி வாசல் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மரக்கால் சுவரில் சாய்த்து வைத்திருந்தது.

"அண்ணி, அன்னிக்கு நான் பேசியிருக்கணும்" என்றேன்.

"ஆமா" என்றார்.

நான் அழுதேன். அவர் நான் அழுது முடிக்கும்வரை கீரை ஆய்ந்தார்.

"மனச எறக்கி வைக்கத்தானே வந்த? எறக்கிட்ட. இனிமே வராத பாப்பா."

ஆப்பிள் பையை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு கிள்ளானுக்குத் திரும்பினேன். பிறகு நான் போகவில்லை. அவர் இறந்த செய்திகூட எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது.