நீதிபதி வீட்டில் திங்கட்கிழமை வழக்கு

விநாயகமூர்த்திக்கு ரொறன்ரோவில் கிடைத்தது நிலம் துடைக்கிற வேலைதான். ஆனால் அது சும்மா நிலமா என்ன? நூற்றிருபது வருஷத்துக்கு முன்னர் கண்ணை மூடிய ஒரு மேல் நீதிமன்ற நீதிபதியின் வீடு. ஆள் போய், வீடு மியூசியமாகிவிட்டது. அவருடைய மூக்குப்பொடி டப்பாவும் பெரிய கதிரையும் சிவப்புக் கயிற்றுக்கு அப்பால் இருந்தன. பனிக்காலத்தில் தடிமன் பிடித்தால் நீதிபதி வழக்காளிகளை வீட்டுக்கே வரச்சொல்லி, போர்வைக்குள் இருந்தபடி அந்தக் கதிரையில் தீர்ப்புச் சொல்வாராம்.

ஊரில் விநாயகமூர்த்தி கோட்டு முதலியார். சாட்சி தமிழில் சொல்வதை நீதவானுக்கு ஆங்கிலத்தில் சொல்லுவது அவர் தொழில். இருபத்தாறு வருஷத்தில் ஒரு சொல் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. சாட்சி நீதவானைத் திட்டினால் அதையும் பிசகாமல் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுசனுக்கு அந்தக் கதிரையைத் தூசு தட்டிவிட்டுப் பேசாமல் போக மனம் வருமா? வரவில்லை.

திங்கட்கிழமை மியூசியம் பூட்டு. துடைக்க அவர் மட்டும் வருவார். அவர் குடியிருந்த மல்வேர்ன் பகுதித் தமிழ்ச் சனத்தின் பிணக்குகளும் மெல்ல மெல்ல அந்த நாளில் வந்து சேர்ந்தன. முதலியார் கயிற்றைத் தாண்டிக் கதிரையில் ஏறி விசாரித்தார்.

1994 வைகாசியில் வந்தது கலியாணக் கார்ட் வழக்கு. யோசப் தன் மகனுடைய கார்ட்டில் சொந்தத் தம்பி அமிர்தநாதரின் பெயரைப் போட மறந்துபோனார். "முந்நூறு கார்ட் அடிச்சவருக்கு என்ரை பேருக்கு மட்டும் மை காணேல்லையோ?" என்று அமிர்தநாதர் பொரிந்துகொண்டிருக்கும்போது கதவு திறந்தது. மனேஜர் மிஸிஸ் வொல்ஷ். கையில் ஒரு கடிதம்.

அந்தக் கடிதத்துக்காக முதலியார் இரண்டு கிழமையாகத் தவம் கிடந்தார். கொழும்பில் மூன்று வருஷமாகக் காத்திருக்கும் மனைவி மங்கையற்கரசியைக் கூப்பிட, ஸ்பொன்சர் விண்ணப்பத்தோடு வைக்கவேண்டிய வேலைக் கடிதம் அது. வேலை போனால் கடிதமும் போச்சு. பாவி மனுசன் கதிரையிலேயே அகப்பட்டுப்போனார்.

"யார் இவர்கள்?" என்றார் மிஸிஸ் வொல்ஷ்.

ஆங்கிலம் தெரியாத அமிர்தநாதர் முந்திக்கொண்டார். "கம்பளம் தட்ட உதவிக்கு வந்தனாங்கள் எண்டு சொல்லுங்கோ முதலியார். உந்த மனிசிக்கு என்ன விளங்கப்போகுது."

பழகின வாய் என்ன செய்யும்? தன்பாட்டில் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டது: "கம்பளம் தட்ட வந்ததாகச் சொல்லும்படி சாட்சி என்னைக் கேட்கிறார், மேடம். உங்களுக்கு ஒன்றும் விளங்காது என்றும் சொல்கிறார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியது. இனி மறைக்க என்ன இருக்கிறது? கயிற்றுக்கு இப்பால் வந்து, கைகட்டி நின்று, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். மங்கையற்கரசியின் முகத்தை நினைத்தபோது குரல் உடைந்துபோனது.

மிஸிஸ் வொல்ஷ் வழக்கைக் கேட்டார். தீர்ப்பையும் கேட்டார்.

"முந்நூறு கார்ட்டிலும் தமையன் தன் கையாலேயே தம்பியின் பெயரை எழுதவேண்டும், மேடம்."

அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். பிறகு கடிதத்தின் அடியில், 'பொய் சொல்லத் தெரியாதவர்' என்று பேனாவால் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த திங்கள் பின்கதவால் வரச்சொல்லுங்கள். ஆனால் அந்தக் கதிரையில் இனி யாரும் இருக்கக்கூடாது."

முதலியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சனத்தின் பக்கம் திரும்பினார்.

"அடுத்த திங்கள் பின்கதவாலை வரட்டாம். சப்பாத்தை வெளியிலை கழட்டிப்போட்டு வரட்டாம், நிலம் துடைக்கிறவர் பாவமாம்."