நான் வெட்டி எடுத்த இருமல்

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனைப் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் படம் ஓட்டுகிறவனாக இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அது பெரிய வேலை. கொழும்பிலிருந்து படப்பெட்டி வரும்போது, அடுத்த படத்தின் ட்ரெயிலர் தனியாக ஒரு சின்னத் தகரப்பெட்டியில் வரும். படம் பத்து ஊரில் ஓடிக் கீறல் விழுந்து, நிறம் வெளிறித்தான் எங்களிடம் வந்து சேரும். ட்ரெயிலர் மட்டும் புதுசு. அதில் சிவப்பு சிவப்பாகவே இருக்கும்.

அதை எத்தனை தரம் ஓட்டியிருப்பேன்! முதலில் இருட்டு, சத்தம் மட்டும் வரும். கதைத்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடுவார்கள். பிறகு ஓட்டம், அடி, ஆட்டம், அழுகை. எதுவும் கண்ணில் நிலைக்காது. யோசிக்க நேரம் கொடுத்தால் ஆள் வராது. கடைசியில் ஒரு கதவு தட்டப்படும், திறக்குமுன் முடிந்துவிடும். அந்த இடத்தில் நான் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுவேன்.

அடுத்த கிழமை படம் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் என் அறையை அண்ணாந்து பார்த்து, அண்ணன் முறை வைத்துக் கத்துவார்கள்.

"காக்கா, ட்ரெயிலர்ல இருந்த சண்டை எங்க? வெட்டி ஊட்டுக்குக் கொண்டு போயிட்டீங்களா?"

நானும் சிரிப்பேன்.

மனைவி அப்போது குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தாள். நானும் பிள்ளைகள் இரண்டும் அவளுடைய வீட்டில், அவளுடைய உம்மாவோடு, என் மாமியாரோடு, இருந்தோம். எழுதினால் பிழை வரும் என்ற பயத்தில் நான் கடிதம் எழுதுவதில்லை. டேப் ரெக்கோடரில் கதைத்துப் பிடித்து, கெசட்டை அனுப்புவோம்.

அவளுடைய இரண்டு வருச ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருந்தபோது மாமிக்கு இருமல் பிடித்தது. நெஞ்சில் கோளாறு, பெரிய நோய் என்றார் டொக்டர். மாமியை டேப்புக்கு முன்னால் இருத்தினேன்.

"நான் நல்லா இரிக்கன் மகள்" என்று தொடங்கினார். இருமல் வந்தது. மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார்: "இந்தத் தவணையோட வந்திரு புள்ள. ஒருக்கா என்னப் பாத்துக்க."

"இதக் கேட்டா அவ அங்க பயந்திருவா மாமி. ஆரு அவவத் தேத்துற?"

"மழை இல்லாத நாளையிலயும் குடை புடிக்கிற ஆள் நீங்க, மருமகன். சொன்னத அப்புடியே அனுப்புங்க."

"ஓம் மாமி" என்றேன்.

அனுப்பவில்லை. அவளுடைய பாஸ்போர்ட் அவள் வேலை செய்கிற வீட்டுக்காரர் கையில். இவள் அழுதால் என்ன சொல்வார்களோ, அழுதழுது அடுப்பில் கையைச் சுட்டுக்கொள்வாளோ என்று ஓர் இரவு முழுக்கப் புரண்டேன். மறுநாள் விடிய வீட்டுச் சத்தங்களையும் வேறு கெசட்டில் பிடித்து, இன்னொரு டேப்பை இரவல் வாங்கிக்கொண்டு தியேட்டருக்குப் போனேன். பகல் காட்சிக்கு முன் என் அறையில் இருந்து, ஒன்றை ஓடவிட்டு மற்றதில் வேண்டியதை மட்டும் பிடித்தேன். முதலில் எங்கள் பள்ளிவாசலின் வாங்கு, தொழுகைக்கு அழைக்கிற குரல். அதைக் கேட்டால் அவள் கைவேலையை வைத்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். பிறகு சின்னவளின் சிரிப்பு, கோழிச் சத்தம், பெரியவன் குர்ஆன் ஓதுவது, மாமியின் "நல்லா இரிக்கன் மகள்". எல்லாம் சின்னச் சின்னத் துண்டு. இருமல் வருமுன் விசையை அமத்தி நிறுத்தினேன். நோய் வருவதற்கு முன், மகள் அனுப்பிய பச்சைச் சேலையில் மாமியை எடுத்த கலர் படம் ஒன்றையும் வைத்து, குவைத்துக்குத் திரும்பிய நிந்தவூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன்.

தவணை முடிந்தது. அவள் வரவில்லை. இன்னும் ஒரு வருசம் நிற்பதாகச் செய்தி வந்தது.

"கெசட் போய்ச் சேரல்லியா, மருமகன்?" என்று மாமி கேட்டார்.

"கொண்டுபோனவர் சுணங்கியிருப்பார் மாமி."

உள்ளதைச் சொல்லி இன்னொன்று அனுப்பலாம் என்று டேப்பை எடுப்பேன். முந்தியது பொய் என்று தெரிந்துவிடுமே என்று திரும்ப வைப்பேன். அந்த மாரிகாலத்தில் மாமி மவுத்தானார். அன்றே பின்னேர அசர் தொழுகைக்கு முன் அடக்கிவிட்டோம். தந்தி அதற்குப் பிறகுதான் போனது.

மனைவி அந்த வருசமும் முடித்துத்தான் வந்தாள். மூன்றாம் நாள் கேட்டாள்: "உம்மா வேற ஒண்டும் சொல்லல்லியா?"

அலுமாரிக்கு அடியில் வைத்திருந்த, வெட்டாத முதல் கெசட்டை எடுத்துப் போட்டேன். கடைசி வரை கேட்டாள்.

"இது எப்ப புடிச்ச?"

சொன்னேன்.

"நீங்க அனுப்பினதக் கேட்டுத்தானே நான் இன்னொரு வருசத்துக்கு ஓம் எண்டன்" என்றாள்.

கெசட்டைப் பின்னால் சுற்றி, இருமல் வருகிற இடத்திலிருந்து மறுபடி போட்டாள். எனக்குத் தியேட்டருக்கு நேரமாகிவிட்டது. எழும்பவில்லை. அந்த இருமல் முழுக்க முடியும் வரை அவள் விசையில் கை வைக்கவில்லை.