பத்து வருட பேட்டரி

சங்கரன்கோவிலில் வீடு வீடாகப் போய் சோலார் பேட்டரி விற்கிறேன். விலையைக் கேட்டதும் வாசலோடு அனுப்பிவிடுகிறவர்களே அதிகம். ஒரு விசைத்தறிக்காரர் மட்டும் உட்காரச் சொன்னார். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி. தறிச் சத்தத்தில் காது மந்தமாகி, எதையும் கத்தித்தான் பேசுவார். உள்ளே அவர் மனைவி ஆக்சிஜன் மெஷினோடு படுத்திருந்தார். கரண்ட் போனாலும் அது நிற்கக் கூடாது; அதற்குத்தான் பேட்டரி.

நானும் கத்திக் கத்திப் படபடவென்று ஒப்பித்தேன். "ஆசிட் பேட்டரி விலை கம்மி அண்ணாச்சி, நாலு வருசம் வரும். லித்தியம் ரெண்டு மடங்கு விலை, ஆனா பத்து வருசம் ஓடும்."

இருக்கிற இரண்டு தறியில் ஒன்றை விற்றால்தான் லித்தியம் வாங்க முடியும் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, என் காதருகே குனிந்து ரகசியம் போலக் கத்தினார்.

"பத்து வருசத்துதே போடுங்க தம்பி. நாலு வருசத்துத வாங்குனா, அம்புட்டு நாளுதான் அவ இருப்பான்னு நான் நெனைக்கேன்னு எடுத்துக்கிடுவா."

உள்ளேயிருந்து மூச்சு வாங்க ஒரு குரல் வந்தது. "இன்னும் பத்து வருசம் ஒங்க சத்தத்தக் கேக்கணுமாக்கும்?"

மெல்லப் பேசத் தெரியாமல்தான் கத்தினாரா, அவர் மனைவிக்குக் கேட்கட்டும் என்றே கத்தினாரா? கேட்டுவிட நினைத்தேன். அதையும் கத்தித்தான் கேட்க வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன்.