உதட்டில் அடக்கிய மருந்து

எங்கள் பேண்டில் முதல் டிரம்பெட் ஊதுகிறவர் பொண்டாட்டியோடு சண்டை போட்டுச் சோப்புக் கட்டியைக் கடித்துத் தின்றுவிட்டார் என்று ஒரு பேச்சு. அவருடைய எதிர்வீட்டுக்காரி முழுக் கட்டி என்கிறாள். அவள் புருஷன் பாதிதான் என்கிறான். இரண்டு பேரும் பக்கத்தில் நின்று பரிமாறினது மாதிரியே சொல்வார்கள். நான் அதே பேண்டில் பெரிய டிரம் அடிக்கிறவன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அவரை நாங்கள் எக்காளம் என்போம். இருபத்திரண்டு வருஷமாக முதல் நாற்காலி அவருடையது. மேலுதட்டில், டிரம்பெட்டில் வாய் வைக்கிற மவுத்பீஸ் அழுந்துகிற அதே இடத்தில், வருஷத்துக்கு நாலு தடவை கொப்புளம் வரும். வந்தால் பத்து நாள் ஊத முடியாது. இந்த முறை வந்தபோது தேர்வுக்கு ஆறே நாள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரும் ஊதிக் காட்டவேண்டும். தவறினால் நாற்காலி போய்விடும். கையில் ஜால்ராவைக் கொடுத்துவிடுவார்கள்.

டாக்டரிடம் போகலாம்தான். ஆனால் பேண்டுக்கென்று இருக்கிற டாக்டர், எங்கள் பேண்டு மாஸ்டரின் மச்சான். வாயைத் திறந்து காட்டினால் அன்று சாயங்காலமே 'ஊதத் தகுதியில்லை' என்று சீட்டு வந்துவிடும்.

ஆகவே மனுஷன் மருந்துக்கடைக்குப் போய் மோனோலாரின் கேட்டார். கொப்புளத்துக்கு நல்லதென்று போனில் எவனோ பேசினதைப் பார்த்தாராம். கடைக்கார அம்மா ஒளிக்கவில்லை.

"இது தேங்காய் எண்ணெய்ல இருக்கிற ஒரு சத்துலேருந்து செய்யறதுண்ணே. ஆய்வுக்கூடத்துல கிருமி மேல வேலை செஞ்சிருக்கு. மனுஷங்களுக்குக் குடுத்துப் பார்த்தது ரொம்பக் கம்மி. பெருசா கெடுதல் பண்ணாதுன்னுதான் சொல்றாங்க, ஆனா வயிறு கலக்கலாம். தேங்காய் ஒத்துக்காதவங்க தொடவே கூடாது. உங்களுக்கு டாக்டர் எழுதற மாத்திரைதான் சரி. அதையும் சீக்கிரமே ஆரம்பிக்கணும்."

"ஆறு நாள்ல ஆறுமா, அதைச் சொல்லும்மா."

"அப்படி யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்கண்ணே."

வாங்கிக்கொண்டுதான் வந்தார். உள்ளே பொடிப்பொடியாய் வெள்ளை மணிகள். மனைவி டப்பாவைத் திருப்பிப் படித்தாள்.

"மெல்லாம தண்ணியோட முழுங்கணுமாம். நல்லதாவே இருக்கட்டும், இத நம்பி டாக்டர விட்டுராதீங்க. ஊர்ல வேற டாக்டரே கிடையாதா?"

"எல்லாம் ஒரே கூட்டம்டி. ஒருத்தன்கிட்ட தும்மினா இன்னொருத்தன் சீட்டு எழுதுவான்."

மூன்று நாள் விழுங்கினார். வயிறு கலங்கியதே தவிர, கொப்புளம் அசையவில்லை. நாலாம் நாள் காலையில் புத்தி வேறு பக்கம் ஓடியது. வயிற்றுக்குள் போன மருந்து எப்போது உதட்டுக்கு ஏறி வருவது? ஒரு சிட்டிகை மணிகளை மேலுதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் அடக்கி, மேலே மவுத்பீஸை வைத்து அழுத்தி ஊதினார். ஊதுகிறவனைத் தவிர வேறு எவனுக்கும் இந்த யோசனை வராது. சோப்பைக் கடித்த மாதிரி கசப்பு. எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று இன்னொரு சிட்டிகை. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட ஊதினார்.

மனைவி வந்து பார்த்தபோது வாயோரம் நுரை. டிரம்பெட்டில் எச்சில் வடிக்கிற துளையிலும் நுரை. "ஐயையோ, சோப்பு தின்ன மாதிரி நிக்கிறாரே!" என்று அவள் போட்ட சத்தம் மாடிப்படி இறங்கித் தெருவுக்குப் போனது. 'மாதிரி' மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

உதட்டின் உள்தோல் வெந்து உரிந்திருந்தது. தேர்வன்று எழுந்து நின்றார். முதல் வரி வந்தது. இரண்டாவதில் வெறும் காற்று. மறுபடி வைத்து ஊதினார், மவுத்பீஸில் ரத்தம். "இன்னொரு தடவை, மாஸ்டர், இன்னும் ஒரே ஒரு தடவை" என்றார். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் சிரிக்கவில்லை, நான்கூட.

நேற்று ஒத்திகைக்கு ஜால்ராவோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடிகிறதா? "அண்ணே, ஊர்ல என்னென்னமோ பேசிக்கிறாங்களே?" என்றேன்.

"சோப்பும் இல்ல, சண்டையும் இல்ல. டாக்டருக்கு வாயக் காட்டப் பயந்துகிட்டு, முழுங்க வேண்டியத உதட்டுல வெச்சு நானே வேகவெச்சுக்கிட்டேன். என் பொண்டாட்டிய எவனும் இழுக்க வேண்டாம்."