காலையில் கொதித்தது, நண்பகலில் குளிர்ந்திருந்தது

எண்பதுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதத்தில் இது நிகழ்ந்தது. நான் அப்போது இராசபாளையத்துப் பள்ளியொன்றில் தமிழாசிரியன். ஞாயிறுதோறும் நூற்பாலையில் பணிபுரியும் பெண்கள் நால்வர் என் இல்லத்துக்கு வந்து பாடம் கேட்பர். தனித்தேர்வர்களாகப் பத்தாம் வகுப்பு எழுத வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அவர்களுள் மூத்தவர்க்கு முப்பத்து நான்கு வயது. இரு பிள்ளைகளின் தாய். முன்பே இருமுறை கணக்கில் தவறியவர். பத்தாம் வகுப்பு தேறினால் மேற்பார்வையாளர் பணி தருவதாக ஆலையில் சொல்லியிருந்தார்கள். இம்முறையும் தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

தேர்வு மையம் திருவில்லிபுத்தூரில் அமைந்தது. காலை பத்து மணிக்குத் தேர்வு; முடித்துத் திரும்பி இரண்டு மணிக்கு ஆலைக்குள் நுழைந்தாக வேண்டும். பேருந்தில் போய்வருவது என்று முடிவு செய்திருந்தோம். முதல் தேர்வுக்கு முந்தைய நாள் பேருந்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது.

என்னிடம் ஒரு பழைய மகிழுந்து இருந்தது. மூவர் ஓட்டிக் களைத்தபின் என் கைக்கு வந்தது. அதில் நானே அழைத்துச் செல்வதாக வாக்களித்தேன். ஆயின் ஓர் இடர். வேலைநிறுத்தம் செய்தோர் காலை வேளையில் சாலையில் நின்று, வாடகைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஊர்திகளை மறித்துக்கொண்டிருந்தனர். நான்கு பெண்களோடு செல்லும் பழைய காரைக் கண்டால் எவரும் வாடகை வண்டி என்றே எண்ணுவர். எனவே அகன்ற தகரம் ஒன்றை வாங்கி, வெள்ளை பூசி, என் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதினேன்: "அரசுத் தேர்வெழுதச் செல்லும் மகளிர். வழிவிட்டு வாழ்த்துக." தொலைவிலிருந்தே படிக்க வேண்டுமென்று அதை வண்டியின் முகப்பில் இழுத்துக் கட்டினேன். அந்த இரண்டாம் தொடரை எண்ணி எனக்குச் சிறிது பெருமிதமும் இருந்தது.

பலகை தன் பணியைச் செவ்வனே செய்தது. மறியலில் நின்ற ஒருவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ஏலே, வழி விடுங்கல! பரிச்சைக்குப் போற பிள்ளைய," என்று கூவினார். கூட்டம் விலகியது. வண்டியும் விரைந்தது. பாதி வழி கடந்ததும் முகப்பிலிருந்து ஆவி சீறிக்கொண்டு கிளம்பிற்று.

ஓரமாக நிறுத்தி, சூடு தணியக் காத்திருந்து, அருகிலிருந்த வயற்கிணற்றில் நீர் மொண்டு ஊற்றி, ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது மணி பத்தேகால். அரை மணி நேரத் தாமதம் வரை அனுமதிப்பது விதி என்பதால் உள்ளே விட்டார்கள். வாசலில் நிற்கும்போதே பலகையை அவிழ்த்து வண்டிக்குள் வைத்துக்கொண்டேன். ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகும் தகுதி அந்தத் தகரத்துக்கு இருந்தது. வெளியே விட்டுவைக்க மனம் வரவில்லை. நண்பகல் வெயிலில் மறியல்காரர்களும் கலைந்துவிடுவார்கள். ஆகவே திரும்பும்போது பலகைக்கு வேலையில்லை.

வியப்பு என்னவெனில், தார்ச்சாலை உருகும் அந்த நண்பகலில் வண்டி ஒரு துளியும் கொதிக்காமல் வந்து சேர்ந்தது.

அன்று மாலையே பட்டறைக்கு ஓட்டிச் சென்றேன். அதன் உரிமையாளரை ஊரில் எல்லாரும் பாய் என்றே அழைப்பர், கைதேர்ந்தவர். ரேடியேட்டரைக் கழுவினார், துருவும் சேறும் கொட்டின. "இனிமே கொதிக்காது, போய்ட்டு வாங்க ஐயா," என்றார். மறுநாள் காலை கொதித்தது. விசிறி வாரை இறுக்கினார். குளிர்நீரைத் தேக்கி விடும் தெர்மோஸ்டாட் என்னும் சிறு கருவியைக் கழற்றி எறிந்தார். மூன்றாம் நாளும் கொதித்தது. அன்று நாங்கள் பள்ளி வாசலை அடைந்தபோது பத்து மணி இருபத்தெட்டு நிமிடம். மையக் கண்காணிப்பாளர் கைக்கடிகாரத்தை என் முன் நீட்டி, "இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது சார்," என்றார். மூத்தவர் தலைகுனிந்தபடி உள்ளே ஓடினார். அடுத்தது கணக்குத் தேர்வு. இடையில் ஒருநாள் விடுமுறை.

பழஞ்சுவடிகளில் பாடவேறுபாடு குறித்துப் பழகிய கை என்னுடையது. ஒரு குறிப்பேட்டில் எல்லாவற்றையும் எழுதிவந்தேன்: கிளம்பிய நேரம், கொதித்த இடம், வேகம், ஏறியோர் எண்ணிக்கை, ஊற்றிய நீரின் அளவு, வெயில், மேகம். இளங்காலையில் கொதிப்பதும் உச்சிவெயிலில் குளிர்ந்திருப்பதும் எந்தக் கணக்குக்கும் கட்டுப்படவில்லை.

விடுமுறை நாளன்று காலை பட்டறையில் நின்றேன். பாய் அரைமணி நேரம் பொறியை ஓடவிட்டுப் பார்த்தார். தனியே ஓட்டிச் சென்றும் வந்தார். கொதிக்கவில்லை.

"ஐயா, எங்கையில வண்டி பசு மாதிரி நிக்குது. ஒங்க கையிலதான் துள்ளுது. எழுதி எழுதிப் பயங்காட்டுதியளோ என்னமோ," என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "இனி எஞ்சினோட ஹெட்டைக் கழட்டிப் பாக்கணும். மூணு நாளாகும்."

மூன்று நாள் என்றால் கணக்குத் தேர்வுக்கு வண்டி இல்லை. நான் வாய் திறக்குமுன் அந்த நான்கு பெண்களும் பட்டறைக்கு வந்து நின்றார்கள். நாளைக்கு வண்டி உண்டா என்று கேட்க வந்தவர்கள். செய்தியைச் சொன்னேன். ஒருவர் அழுதேவிட்டார்.

மூத்தவர் அழவில்லை. என் குறிப்பேட்டை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். பின் சுவரில் சாய்த்துவைத்திருந்த தகரப் பலகையைப் பார்த்தார்.

"ஐயா, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதிய. இந்தப் பலகை போகையில முன்னால இருக்குது. திரும்பி வரையில உள்ள கெடக்குது. பாய் ஓட்டிப் பாக்கையில அது இருந்துச்சா?"

"தகரம் எதுக்கு? எடஞ்சலா இருக்குன்னு மொத வேலையா எடுத்து வச்சிட்டேன்," என்றார் பாய்.

"எங்க ஆலையில மோட்டாருக்குப் பின்னால ஒரு வலை இருக்கும், ஐயா. அதுல பஞ்சு படிஞ்சுக்கிட்டே வரும். செத்த நேரம் தொடைக்காம விட்டாப் போதும், மோட்டாரு அனலாகி நின்னுரும். காத்து உள்ள போவ வழியில்லாம. அதைத் தொடைக்கிறதுதான் எனக்கு எட்டு வருசமா வேலை. காருக்கும் மூஞ்சி வழியாத்தான காத்து போவணும்? நாம அது மேல போர்வையப் போத்திக்கிட்டு ஓட்டியிருக்கோம்."

பாய் தம் நெற்றியில் ஓங்கி அறைந்துகொண்டார். "யா அல்லா! மூணு நாளா உள்ள தேடுதேன், மூஞ்சியப் பாக்கலயே!"

நான் குறிப்பேட்டைத் திரும்ப வாங்கிப் புரட்டினேன். ஆறு பயணங்கள், மேகம்கூட எழுதியிருந்தேன். என் பலகையைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை.

மெய்ப்பித்துப் பார்க்காமல் ஏற்பதற்கில்லை என்றேன். பாயும் ஒப்புக்கொண்டார். மறியல் இல்லாத மலையடிவாரச் சாலையைத் தேர்ந்தோம். பாரம் குறையக்கூடாது என்று அறுவரும் நெருக்கியடித்து ஏறினோம். முதலில் பலகையைக் கட்டிக்கொண்டு ஓட்டினேன். வெப்பம் காட்டும் முள் மெல்ல மெல்ல ஏறியது. ஆறாவது கிலோமீட்டரில் ஆவி சீறியது. பின்னிருக்கையில் பெண்கள் நால்வரும் கைதட்டினார்கள்! "கொதிச்சிருச்சு! கொதிச்சிருச்சு!" என்று பாய் குழந்தைபோல் குதித்தார். எதிரே மிதிவண்டியில் வந்த ஒருவர், நடுவழியில் நின்றுபோன வண்டியைச் சுற்றி நின்று ஆறு பேர் ஆரவாரிப்பதைக் கண்டு இறங்கி, எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

சூடு தணிந்தபின் நீர் நிரப்பி, பலகையைக் கழற்றி, அதே சாலையில் அதே தொலைவை அதே வேகத்தில் ஓட்டினேன். முள் பாதியில் நின்று அசையவே இல்லை.

ஆனால் பலகை இல்லாமல் மறியலைக் கடப்பது எங்ஙனம்? அதற்கும் மூத்தவரே விடை சொன்னார்: "வாழ்த்துறவங்க அண்ணாந்து பாத்து வாழ்த்தட்டுமே ஐயா." பாய் இரு கம்பிகளை வளைத்து, பலகையை வண்டியின் கூரைமேல் நிமிர்த்தி நிறுத்திக் கொடுத்தார். கோயில் தேரின் உச்சிபோல் அது நின்றது.

கணக்குத் தேர்வன்று எட்டரை மணிக்குக் கிளம்பினோம். மறியல் நடந்த இடத்தில் அதுவரை கீழே பார்த்துப் படித்தவர்கள் மேலே பார்த்துப் படித்தார்கள், இருவர் கைகூப்பினர். முதல் மூன்று நாளும் நாங்கள் நின்று வியர்த்த வயற்கிணறு வந்தது. எவரும் மூச்சுவிடவில்லை. முள் அசையவில்லை. கிணறு பின்னால் போயிற்று. மூத்தவர் சாளரத்துக்கு வெளியே தலையை நீட்டி அந்தக் கிணற்றைப் பார்த்து, "வாரோம், திரும்புகையில வந்து குடிச்சுக்கிடுதோம்," என்றார். வண்டியே குலுங்கும்படி சிரித்தோம். தேர்வு மையத்தின் கதவு திறக்குமுன் நாங்கள் வாசலில் இருந்தோம். கண்காணிப்பாளர் தம் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரைமேல் நின்ற பலகையைப் பார்த்தார், முறுவலித்தார்.

நால்வரும் தேறினர். மூத்தவர் கணக்கில் அறுபத்தொரு மதிப்பெண் பெற்றார். அவ்வாண்டே மேற்பார்வையாளரும் ஆனார். இனிப்போடு வந்து அவர் என்னை வணங்கியபோது, "நீங்கள் எனக்கு ஆசிரியை" என்றேன். "போங்கய்யா, பஞ்சு தொடைக்கிறவளப் போயி," என்று நாணினார். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

இப்போதும் எந்தச் சிக்கலைப் பற்றி எழுதி முடித்தாலும், எதைக் குறிக்காமல் விட்டேன் என்று ஒருமுறை தேடுகிறேன். பல வேளைகளில் அது, நல்ல எண்ணத்தோடும் அழகிய எழுத்தோடும் நானே முன்னால் கட்டித் தொங்கவிட்ட ஏதோ ஒன்றாகவே இருக்கிறது.