அத்தாவைப் பார்க்கப் போகும் வழி

சந்தையில் நடந்த அடிதடியில் அத்தாவின், அதாவது என் அப்பாவின், பெயரையும் சேர்த்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை கிளைச் சிறையில் வைத்திருக்கிறார்கள். யாராவது கேட்டால் பெங்களூர் போயிருக்கிறார் என்று சொல்ல வேண்டும் என்பது மாமாவின் உத்தரவு. நான் இதை எழுதுவது அவருக்குத் தெரிந்தால் முதுகுத்தோல் உரிந்துவிடும். இருந்தாலும், அத்தாவையோ அண்ணனையோ பார்க்க முதல்முறை போகிற பெண்ணுக்கு யாராவது வழி சொல்ல வேண்டுமே.

போன சனிக்கிழமை அம்மாவும் நானும் போனோம். அத்தா மெத்தை தைப்பவர். பஞ்சுத் தூசியால் மூச்சிழுப்பு உண்டு. அங்கே அவருக்குப் படுக்க இடம் கிடைக்கிறதா என்பதுதான் அம்மாவின் கவலை.

மாரண்டஹள்ளியில் காலை ஆறேகாலுக்குப் பஸ். பாலக்கோட்டில் இறங்கி வண்டி மாற வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து அரை டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். இரண்டாவது பஸ் கண்டக்டர், "ஜெயில் ஸ்டாப்பா?" என்று சத்தமாகக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எதுக்கு பாப்பா வெக்கம்? பாதி பஸ்ஸு அங்கதான் எறங்குது," என்றார். அப்படித்தான் இறங்கியது.

உள்ளே நாலு பேர் படுக்கும் இடத்தில் பத்துப் பேராம். பார்க்க விடும் இடத்தில் கம்பி வலைக்கு இரண்டு பக்கமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவதால் யாருக்கும் எதுவும் கேட்காது. எங்களுக்கு அது பழக்கம். வீட்டில் வில்லால் பஞ்சு அடிக்கும்போது பேச்சு கேட்காது, கையால்தான் பேசிக்கொள்வோம்.

நான் கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்தேன். அத்தா ஜாடையில் பதில் சொன்னார். ராத்திரியில் முதல் பாதி நிற்பது, மறு பாதி படுப்பது. முறை வைத்துத் தூங்குகிறார்கள். அம்மா நெஞ்சைத் தடவிக் காட்டினாள். இழுப்பு? அத்தா பக்கத்தில் நின்ற தாடிக்காரரைக் காட்டி, பிறகு ஜன்னலைக் காட்டினார். காற்று வரும் இடத்தை அவர் அத்தாவுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். ஆனால் தாடிக்காரருக்குக் குறட்டை பலமாம், அதையும் வாயைப் பிளந்து நடித்துக் காட்டினார். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

வெளியே வரும்போது, பயத்திலேயே காவலரிடம் கேட்டுவிட்டேன். "தீர்ப்பே ஆகாதவங்கள எதுக்குங்க நிக்க வெச்சுத் தூங்க வெக்கறீங்க?" அம்மா என் கையைக் கிள்ளினாள்.

"நானா அடைச்சேன்? இருக்கறது ஒரு ரூமு," என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "இழுப்புன்னு டாக்டர் சீட்டு வாங்கி, வக்கீல்கிட்ட சொல்லி மனு குடுங்கம்மா. கேட்டாத்தான் கெடைக்கும்," என்றார்.

ஆகவே போகிறவர்கள் டாக்டர் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். நாங்கள் திங்கட்கிழமை வாங்கப் போகிறோம். கொண்டுபோகும் பிஸ்கட்டை வாசலில் உடைத்துப் பார்ப்பார்கள், கோபப்படாதீர்கள். கத்தாமல், வீட்டிலேயே நாலு ஜாடை பழகிக்கொண்டு போங்கள். தப்பு செய்தவரோ செய்யாதவரோ, காலை நீட்டிப் படுக்க இடம் கேட்பதில் தப்பே இல்லை.

அத்தா நிற்கும் நேரத்தில்தான் நானும் விழித்திருந்து இதை எழுதுகிறேன். மணி பன்னிரண்டு அடித்துவிட்டது. இனி அவர் படுக்கும் முறை. விளக்கை அணைக்கிறேன்.